நலம் விசாரித்தல்

அண்மையில் ஒரு வளைகாப்புக்குச் சென்றிருந்தோம். கைகொள்ளாத கண்ணாடி வளையல்களோடு அமர்ந்திருந்த பெண்ணிடம் வந்தவர் யாவரும் பிள்ளையைப் பற்றியே வினவினர்: அசைவு உண்டா, ஸ்கேனில் என்ன சொன்னார்கள், எந்த நாள் குறித்திருக்கிறார்கள்? இரண்டு இரவுகளாகத் தான் உறங்கவில்லை என்பதை, வீங்கிய பாதங்களைப் புடவைக்குள் மறைத்தபடி, அவள் என் மனைவியிடம் மட்டும் சொன்னாளாம்.

கருவுற்றவளை நாம் பேணுவது யாருக்காக? "பிள்ளைக்காகவாவது சாப்பிடு" என்னும் அன்பு மொழியிலேயே நம் விடை ஒளிந்திருக்கிறது. தாய் நலமாயிருந்தால் சேயும் நலமாயிருக்கும் என்பது மெய்யே. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே பேணினால் அவள் வெறும் கலயமாகிவிடுகிறாள். பிள்ளை பிறந்த அன்றே நம் பரிவும் தீர்ந்துபோகிறது. பேறுகால வார்டில் தொட்டிலைச் சூழ்ந்த கூட்டத்தையும் கட்டிலருகே நிலவும் வெறுமையையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசி மூன்று மாதங்களின் தொல்லைகள் சிறியவைபோல் தோன்றும்: நெஞ்செரிச்சல், இடுப்புவலி, இரவில் பலமுறை எழ நேர்வது. உறக்கம் கெட்டால் மனமும் சோர்கிறது. உலகக் கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவர் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இன்னும் மிகுதி. நம் நாட்டிலோ 2019-21 குடும்பநல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பேறுகால விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. அதில் 8 வாரத்தைப் பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். செங்கற்சூளையில் கல் சுமப்பவளுக்கு அந்த எட்டு வாரம் எங்கே?

லூக்கா நற்செய்தியில் நான் நெடுநாள் கவனியாதிருந்த ஒரு கணக்கு உண்டு. எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் நடக்கையில் மரியா புறப்படுகிறார். ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்குகிறார். முதிர்ந்த வயதில் கருவுற்ற ஒருத்தியின் கடைசி மூன்று மாதங்கள் அவை, கணவரோ பேச்சிழந்தவர். (பிள்ளை பிறக்குமுன் மரியா திரும்பினாரா, பின்னரா என்பது விரிவுரையாளர் வழக்கு, அது இங்கே வேண்டாம்.) தண்ணீர் இறைத்தாரோ, கால் பிடித்துவிட்டாரோ, நற்செய்தியாளர் எழுதவில்லை. வீட்டினுள் நுழைந்ததும் மரியா வாழ்த்தியது எலிசபெத்தை என்று மட்டும் எழுதியிருக்கிறார். வயிற்றிலிருந்த பிள்ளை துள்ளியது அதற்குப் பிறகுதான்.

வளைகாப்பு கண்ட அந்தப் பெண் இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள். மாலைதோறும் என் மனைவி சென்று அவளோடு சற்று அமர்ந்துவிட்டு வருகிறாள். என்ன பேசினீர்கள் என்று நேற்றுக் கேட்டேன். பள்ளிக்கூட நாள்களைப் பற்றியாம். பிள்ளைப் பேச்சே எழவில்லையாம்.