வீட்டு பிளான்ல அம்மா எங்கே?

ஓம் சரவணபவ.

இந்தச் செவ்வாய்க்கிழமை வீடு கட்டுறதைப் பத்திப் பேசலாம். வாடகை வீட்டுல இருந்துகிட்டு "முருகா, ஒரு சொந்தக் கூரை குடு"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க படிங்க. வேண்டுதல் பலிச்சு, மனைப் பத்திரம் கைக்கு வந்து, இன்ஜினியர்கிட்ட பிளான் போட உட்கார்ந்திருக்கிறவங்க ரெண்டு தடவை படிங்க.

சொந்த வீடுன்னாலே நம்ம ஆளுங்க வாயில வர்ற முதல் பேர் சிறுவாபுரி. திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கு; அருணகிரிநாதர் திருப்புகழ் பாடின தலம். ஆறு செவ்வாய்க்கிழமை விடாம போய் பாலசுப்பிரமணியரைக் கும்பிட்டா வீடு அமையும்ங்கிறது பக்தர்களோட நம்பிக்கை. செவ்வாய் அன்னிக்கு அங்க நிக்கிற வரிசையைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊர்ல எத்தனை பேர் மனசுல வீடு இல்லாத வலி இருக்குன்னு. நிறைய பேர் இருபதுகள்ல, முப்பதுகள்ல இருக்கிற பிள்ளைங்க. வேலைக்கு லீவு போட்டுட்டு, வெறுங்கால்ல, சட்டைப்பையில போன் மின்ன நின்னுக்கிட்டிருப்பாங்க.

அப்படி ஆறு வாரம் போன ஒரு தம்பி போன மாசம் தன் வீட்டு பிளானை எனக்கு போட்டோவா அனுப்பியிருந்தார். மனை 30க்கு 40. அரை கிரவுண்டு. மேற்குப் பார்த்தது. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். பேங்க் லோன் வந்தாச்சு. அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, பூஜை ரூம் ஈசானி மூலைல வருதான்னு பாருங்க. மேற்கு வாசல் ஆகாதுன்னு சித்தப்பா பயமுறுத்துறார். என்ன பண்றது?"

சித்தப்பா கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அது சுலபம். பழனி மலை மேல தண்டாயுதபாணி எந்தத் திசை பார்த்து நிக்கிறார்? மேற்கு. திருப்பரங்குன்றத்துல? வடக்கு. திருச்செந்தூர்ல சுவாமி கிழக்கே பார்க்கிறார். ஆனா கிழக்கே கடல் இருக்கிறதால ஒன்பது நிலை ராஜகோபுரம் சுவாமிக்குப் பின்னாடி, மேற்குப் பக்கம் நிக்குது. இடம் எப்படி அமைஞ்சதோ அதுக்குத் தகுந்த மாதிரி கோயிலே அமைஞ்சிருக்கு. நம்ம 1,200 சதுர அடிக்கு அந்தச் சலுகை கிடையாதா? மேற்குப் பார்த்த மனையா, சரி. சாயங்கால வெயில் நேரா அடிக்கும், வாசல்ல ஒரு நல்ல சன்ஷேடு போடுங்க, முடிஞ்சா ஒரு வேப்பமரம் வைங்க. பயப்பட வேண்டாம்.

வாஸ்துவைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஈசானியத்துல காலை வெளிச்சம் வரட்டும், அக்னி மூலைல அடுப்பு இருக்கட்டும், எல்லாம் நல்லதுதான். பெரியவங்க சொன்னதைக் கேட்டே செய்யலாம். ஆனா அந்தத் தம்பி பிளானைப் பெருசாக்கிப் பார்த்தப்போ வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.

கீழ்த்தளத்துல கார் நிறுத்துற இடம். நீளமா ஒரு ஹால். சமையலறை. ஈசானியத்துல பூஜை ரூம், சரியாத்தான் இருக்கு. படிக்கட்டுக்கு அடியில குனிஞ்சு போற மாதிரி ஒரு டாய்லெட். அவ்வளவுதான். படுக்கையறை மூணும் மேலே.

அவர் அனுப்பின செய்தியை மறுபடி மேலே போய்ப் படிச்சேன். "அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, அதனால சிறுவாபுரிக்கு வர முடியல. ஆறு வாரமும் வீட்டுலயே விரதம் இருந்து, விளக்கேத்தி வெச்சு, நான் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம உட்கார்ந்திருந்தாங்க"ன்னு அவரே எழுதியிருக்கார்.

இந்த வீட்டுக்காக ஆறு வாரம் பட்டினி கிடந்த அம்மா இந்த வீட்டுல எங்க படுப்பாங்க?

அவர் பாசம் இல்லாத பிள்ளை இல்லங்க. அம்மா ரூமுக்கு அட்டாச்டு பாத்ரூம், பால்கனி எல்லாம் வெச்சிருக்கார். மேலேதான் காத்து நல்லா வரும்னு நினைச்சு வெச்சிருக்கார். பிளான்ங்கிற காகிதம் இப்படித்தான் நம்மளை ஏமாத்தும். காகிதத்துல மாடி ஒரு பக்கத்துல இருக்கும், கீழ்த்தளம் அடுத்த பக்கத்துல இருக்கும். பக்கத்தைத் திருப்பினா மாடி வந்துடும். முட்டி வலிக்காது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. தளத்துக்குத் தளம் பத்தடி உயரம்னா 120 இன்ச். பெரியவங்க ஏற வசதியா 6 இன்ச் உயரத்துல படி வெச்சா 20 படி. அம்மா காலையில இறங்கி வந்து, மத்தியானம் படுக்க ஏறி, சாயங்காலம் விளக்கேத்த இறங்கி, ராத்திரி ஏறினா நாப்பது படி ஏத்தம். நடுவுல கண்ணாடியையோ மாத்திரையையோ மறந்துட்டு இன்னொரு தடவை ஏறினா அறுபது. சுவாமிமலைக்குப் போனவங்களுக்கு இந்த எண் ஞாபகம் வரும். அங்க படி அறுபது. தமிழ் வருஷம் அறுபதின் பேர்ல அமைஞ்சது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அறுபதை ஏறுறது தரிசனம். தினம் தினம், முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, சொந்த வீட்டுக்குள்ளேயே ஏறுறதுக்கு என்ன பேர் வைக்கிறது?

சுவாமிமலைன்னு வந்ததால அங்கேயே கொஞ்சம் நிப்போம். அது இயற்கையான மலை இல்ல, கட்டுமலை. அந்த அமைப்பை வெறும் பிளானாப் பாருங்களேன். மேலே சுவாமிநாதன். கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சன்னதி. அப்பா அம்மா கீழே, பிள்ளை மேலே. இத்தனைக்கும் இந்தத் தலத்துல பிள்ளைதான் குரு. பிரணவத்துக்குப் பொருள் கேட்டு அப்பனே பணிஞ்சு நின்ன இடம். தகப்பன்சாமின்னு பேர் வாங்கின இடம். பிள்ளை மேலே இருக்கார்ங்கிறதால கீழே இருக்கிற சிவன் குறைஞ்சு போயிட்டாரா? யாராவது அப்படி நினைக்கிறோமா? அப்பா அம்மாவைக் கும்பிட்டுட்டு அப்புறம் படியேறுறோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம வீடுகள்ல "கீழே" "மேலே"ங்கிற வார்த்தைக்கு ஒரு வம்பு இருக்கு. கன்னி மூலை, அதாவது தென்மேற்கு அறை, குடும்பத் தலைவருக்குன்னு சொல்வாங்க. யாரு குடும்பத் தலைவர்? ரிட்டயர் ஆகி, பி.எஃப். பணத்துல பாதியை இந்த மனைக்குக் குடுத்த அப்பாவா? இருபது வருஷத்துக்கு இ.எம்.ஐ. கட்டப்போற பிள்ளையா? பிள்ளையை விட அதிகமாச் சம்பாதிக்கிற மருமகளா? கல்யாணமான புதுசுல இந்தக் கேள்வியை யாரும் வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க. பிளான்ல ரூமுக்கு மேல "மாஸ்டர் பெட்ரூம்"னு இன்ஜினியர் எழுதினதும் எல்லாரும் மனசுக்குள்ள ஒரு பேரை வெச்சுக்குவாங்க. அந்தப் பேர் ஒத்துப் போகலன்னா பிரச்சினை கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் அடுப்படியில வெடிக்கும்.

இந்த இடத்துலதான் நம்ம பழனியாண்டவரை நினைக்கணும். யோசிச்சுப் பாருங்க, நாம வீடு கேக்கிறது யார்கிட்ட? வீட்டை விட்டுக் கிளம்பிப் போனவர்கிட்ட. கைலாசம் மாதிரி ஒரு வீடு, உலகத்துக்கே அப்பா அம்மா. ஆனா ஒரு பழம் தனக்கில்லன்னு ஆனதும், கோவணத்தோட, கையில தண்டோட, மலையேறி நின்னுட்டார். மாம்பழக் கதையைச் சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டு நாம அதைக் குழந்தைக் கதைன்னு நினைச்சுட்டோம். வீட்டுல தனக்கு இடமில்லன்னு ஒருத்தருக்குத் தோணினா என்ன ஆகும்ங்கிறதுதான் அந்தக் கதையோட நடு. பழம் பெருசில்ல. யாருக்குன்னு முன்னாடியே பேசாம வெச்ச பந்தயம் பெருசு. (நாரதரை எந்த வீட்டுக்கும் கூப்பிடவே வேண்டாம், தானா வந்துடுவார். இப்பல்லாம் சொந்தக்காரங்க குரூப் வழியா வர்றார்.)

அதனால, இன்ஜினியர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரையும் உட்கார வெச்சு ஒரு சாயங்காலம் பேசுங்க. அப்பா அம்மாவைத் தனியாக் கேளுங்க, ஏன்னா எல்லார் முன்னாடியும் கேட்டா "எங்களுக்கு என்னப்பா, ஒரு மூலை போதும்"னுதான் சொல்வாங்க. அந்தப் பதிலை நம்பாதீங்க. "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?"ன்னு கேளுங்க. அப்போ உண்மை வரும். மனைவியைக் கேளுங்க, வீட்டுலேர்ந்து வேலை பார்க்கிற தங்கச்சிக்கு கதவைச் சாத்திக்கிட்டு மீட்டிங் பேச ஒரு இடம் வேணும், அதை ஆடம்பரம்னு சொல்லக் கூடாது. கட்டிக் குடுத்த அக்கா பிரசவத்துக்கு வந்தா எங்க இருப்பாங்க? அவங்க விளையாடி வளர்ந்த வீடு போயிடுச்சு, இது புது வீடு. இதுலயும் தனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இருக்கான்னு அவங்க கண்ணு தேடும். சொந்தச் சம்பாத்தியத்துல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுற தங்கச்சிங்களும் இப்ப நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கும் இதேதான். உங்களுக்குன்னு ஒரு ரூம் போடுங்க, கல்யாணமாகிப் போயிடுவோமேன்னு விட்டுடாதீங்க.

சின்ன மனையில இத்தனை பேருக்கும் எப்படி இடம்னு கேப்பீங்க. திருப்பரங்குன்றத்துல ஒரே பாறையைக் குடைஞ்சு முருகன், துர்க்கை, பிள்ளையார், சிவன், பெருமாள்னு அஞ்சு பேருக்கும் இடம் பண்ணியிருக்காங்க. முருகன் திருவுருவம் பாறையோட பாறையா இருக்கிறதால அபிஷேகம்கூட வேலுக்குத்தான். உள்ள இடம் அவ்வளவுதான், அதுக்குத் தகுந்த மாதிரி முறையை மாத்திக்கிட்டாங்க. நாமளும் மாத்திக்கலாம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஹால் நீளத்தைக் குறைச்சு கீழேயே 10க்கு 11ல ஒரு ரூம். மனையடி சாஸ்திரம் பார்க்கிற சித்தப்பாவும் அந்த அளவை ஒத்துக்குவார். அதோட சேர்ந்த பாத்ரூமுக்கு வழக்கமா வைக்கிற ரெண்டரை அடிக் கதவு வேண்டாம், மூணு அடி வைங்க. நாளைக்கு வாக்கரோ வீல்சேரோ வந்தா நுழையணும். பாத்ரூம் வாசல்ல நிலைப்படி மாதிரி மேடு வேண்டாம், தண்ணி வெளிய வராத அளவுக்குத் தரைச் சரிவு குடுத்தா போதும். வழுக்காத டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துச் சுவர்ல பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி. கம்பியை அப்புறம் மாட்டிக்கலாம்னாலும் அந்தச் சுவரைக் கட்டும்போதே பலமா வைக்கச் சொல்லணும். படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி. பூஜை ரூம் நாலுக்கு நாலு போட்டிருந்தார். சஷ்டி விரதத்துல அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து கவசம் படிக்கணும்னா நாற்காலி வாசலுக்கு வெளியதான் நிக்கும். கதவை ஹால் பக்கம் அகலமாத் திறக்கிற மாதிரி வெச்சுட்டா, நாற்காலி ஹால்ல இருந்தாலும் அம்மா கண்ணு நேரா வேல் மேல இருக்கும். சாம்பிராணிப் புகை போக மேலே ஒரு சின்ன ஜன்னல்.

ஹால் சின்னதாகுறதுல அவருக்கு இன்னும் மனசு வரல. "கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்க என்னண்ணா சொல்வாங்க, டிவிக்கும் சோபாவுக்கும் இடம் பத்தாதே"ன்னு கேக்கிறார். நியாயமான ஆசைதான். பத்து வருஷமா ஒண்டுக் குடித்தனத்துல இருந்தவருக்குப் பெரிய ஹால்ங்கிறது ஒரு கனவு. கார் இப்போ இல்லைன்னு சொன்னார், அதனால கார் இடத்துலேர்ந்து நாலடி எடுக்க முடியுமான்னு இன்ஜினியர் பார்த்துக்கிட்டிருக்கார். இன்னும் முடிவாகல.

மலைக்கோயிலுக்குப் போற வழியில கல்லு மேல கல்லு அடுக்கி வீடு மாதிரி வெச்சு வேண்டிக்குவோம் இல்லையா, அதுல ரூம் கிடையாது, மூலை கிடையாது. அடுக்கிட்டு, கண்ணை மூடி, குடும்பத்துல ஒவ்வொருத்தர் பேரையா சொல்லித்தான் கேப்போம். அந்தப் பேர்ல ஒண்ணும் விட்டுப் போகாம பிளான்ல வந்திருக்கான்னு மட்டும் பாருங்க.

பூமி பூஜைக்கு முன்னாடி இன்னொரு வேலை செய்யலாம், செலவே கிடையாது. மனையைச் சுத்தம் பண்ணி, பிளான்ல இருக்கிற அளவுக்குச் சுண்ணாம்பால கோடு போடச் சொல்லுங்க. ஒரு சாயங்காலம் அம்மாவை ஆட்டோல கூட்டிட்டுப் போய், அவங்க கட்டில் வர்ற இடத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைங்க. "அம்மா, ராத்திரி ரெண்டு மணி, கரண்டு இல்ல, பாத்ரூம் போகணும், நடங்க"ன்னு சொல்லுங்க. சிரிப்பாங்க. நடப்பாங்க. எங்க தயங்குறாங்களோ அங்க கோட்டை அழிச்சுட்டு மறுபடி போடுங்க. அப்பாவையும் நடக்க விடுங்க. அவர் வாசல் பக்கம் பேப்பர் படிக்க ஒரு திண்ணை இருக்கான்னு கேப்பார், பாருங்க.

வீடு கட்டுற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, செங்கல் இறக்குறதுக்குள்ள இதை அனுப்பி வைங்க. அடுத்த செவ்வாய் சந்திப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!