ஈரம் மட்டும் மிஞ்சிய படம்

அந்தப் படத்தில் ஈரம் இருக்கிறது, வாளி இல்லை.

சிவப்புச் சிமெந்து பூசிய வாசற்படியில் ஒரு வட்டம். ஒரு பக்கத்தால் கொஞ்சம் வழிந்து படியின் விளிம்புவரை போய் நின்றிருக்கிறது. பக்கத்தில் பெரியம்மா, கதவுநிலையில் ஒரு கையை வைத்தபடி நேரே பார்க்கிறார். நல்ல காலை வெளிச்சம். எண்பதைக் கடந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் துலக்கமாக விழுந்திருக்கிறது. யார் பார்த்தாலும் வடிவான படம் என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். அன்றிரவு வட்ஸ்அப்பில் வந்ததைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோது என் கண் முகத்தில் நிற்கவில்லை, ஈரத்துக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் போகிறது.

நடந்தது இவ்வளவுதான். 2025 தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் பேரன் புங்குடுதீவு மடத்துவெளிக்கு வந்திருந்தான். கையில் ஐபோன் 16 புரோ. 2024 செப்டெம்பர் 20ஆம் திகதி, அது கடைக்கு வந்த அன்றே போய் வாங்கியதாகச் சொன்னான். முதல் வேலையில் உழைத்த காசு. அந்தச் சந்தோசத்தில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. உழைத்த பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கியிருக்கிறான். வாசலில் அம்மம்மாவை நிறுத்திப் படம் எடுத்தான். தெருவோரத் தண்ணீர்த் தாங்கியில் பிடித்து வந்த வாளியை அவர் அப்போதுதான் படியில் இறக்கி வைத்திருந்தார். எடுத்ததைப் பார்த்தவன், "உந்த வாளிதான் வடிவைக் கெடுக்குது" என்றான். விரலால் அதைச் சுற்றி ஒரு கோடு. வாளி போய்விட்டது.

"என்ன விலை ராசா இது?" என்று பெரியம்மா கேட்டார்.

"இஞ்சத்தக் காசுக்கு மூண்டு லட்சத்துக்குக் கிட்ட வரும், அம்மம்மா."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒரு கிணறு வெட்டலாம். வெட்டியும் என்ன, உவர்த்தண்ணிதானே வரும்."

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் மட்டும் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன்.

இப்படி அழிக்கிற வசதி இன்று புதிதாக வந்ததல்ல. கூகிள் 2021இல் பிக்சல் 6 போனோடு இதைக் கொண்டுவந்தது. சம்சுங்கிலும் இருக்கிறது. அப்பிள் 2024 ஒக்ரோபர் கடைசியில், 18.1 என்ற மென்பொருளோடு தன் புதுப் போன்களுக்குக் கொடுத்தது. ஒரு பொருளை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்க முடியாது, அதை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணிப்பு, சுற்றியிருக்கும் நிறத்தையும் கோடுகளையும் பார்த்து, அங்கே இன்னது இருந்திருக்கும் என்று வரைகிறது. வாளிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கமராவுக்குத் தெரியாது. அது பார்க்கவேயில்லை. பார்க்காததைப் பார்த்ததுபோல் காட்டுகிறது.

அடுத்த நாள் நான் அந்தப் படியடியில் குனிந்து பார்த்தேன். படத்தில் வாளி இருந்த இடத்துக்குப் பின்னே சுவர் ஒரே சீராக, நீலப் பட்டை முறியாமல் ஓடுகிறது. உண்மையில் அவ்விடத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து கல் தெரிகிறது. வீடு ஆளில்லாமல் கிடந்த காலத்தில் மழை இறங்கி உதிர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் புங்குடுதீவு முழுவதும் எழும்பி ஓடியபோது பெரியம்மாவும் ஓடினார். திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை, அறைக்குள் மரம் முளைத்திருந்தது. ஆள் போன ஊர்களில் காற்று மட்டும் திரிந்ததை எங்கள் ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராமம்’ என்ற தொகுப்பாகவே எழுதி வைத்தார். மற்ற இடமெல்லாம் திருத்திவிட்டார்கள், அந்த ஒரு மூலை மட்டும் எப்படியோ தப்பிக் கிடக்கிறது. போன் அதையும் பூசிவிட்டது. யாரும் கேட்காமலே பூசிவிட்டது.

ஆனால் ஈரத்தை விட்டுவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. வாளியின் நிழலைக்கூட எடுத்துவிட்டது. ஈரம் தரையின் நிறம் என்று நினைத்திருக்கலாம்.

எப்போதோ வாசித்த மிலன் குந்தேராவின் ‘சிரிப்பும் மறதியும் பற்றிய புத்தகம்’ அப்போது நினைவுக்கு வந்தது. நாவலின் மற்றப் பகுதிகள் மங்கிப்போய்விட்டன, ஒரு தொப்பி மட்டும் நிற்கிறது. 1948 பெப்ரவரியில் பிராக் நகரில் மாடி முகப்பில் நின்று கம்யூனிஸ்ட் தலைவர் கொட்வால்ட் கூட்டத்துக்குப் பேசுகிறார். பனி பெய்கிறது. பக்கத்தில் நின்ற கிளெமென்டிஸ் தன் உரோமத் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைக்கிறார். அந்தப் படம் நாடெங்கும் போகிறது. 1952இல் கிளெமென்டிஸைத் துரோகி என்று தூக்கில் போட்டார்கள். பிறகு படத்திலிருந்தும் ஆளை எடுத்தார்கள். தொப்பி மற்றவர் தலையில் இருந்ததால் அதை எடுக்க முடியவில்லை.

பேரனையும் அந்த அரசையும் ஒரே வரிசையில் வைப்பது அநியாயம். அங்கே ஒரு மனிதனைக் கொன்றபின் அழித்தார்கள். இங்கே ஒரு பிள்ளை அம்மம்மாவை அழகாகக் காட்ட நினைத்தான். ஆனாலும் வாசித்த நாளில் எனக்கு விளங்காத ஒன்று இந்தப் படியடியில் விளங்கியது. அன்று ஒரு ஆளைப் படத்திலிருந்து எடுக்க ஒரு அரசும், கத்தியும் தூரிகையும் பிடித்த கைகாரரும், அதற்கென்று ஒரு நோக்கமும் வேண்டியிருந்தன. இன்று எந்த நோக்கமும் தேவையில்லை. ஒரு விரல் போதும். கெட்ட எண்ணம் இல்லாமலே அழிக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதுவும் வாளியை.

இந்தத் தீவில் வாளி வெறும் பாத்திரமாக இருந்ததில்லை. வேலணையிலிருந்து வாணர் பாலத்தால் கடலைக் கடந்து இறங்கினால் வருகிற முதல் ஊர் மடத்துவெளி. மூன்று பக்கமும் கடல் தெரிகிற வெட்டை. வீட்டுக் கிணறுகளில் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கோ ஒன்று, இரண்டு. சின்ன வயதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பின்னால் நானும் சின்னக் குடம் ஒன்றோடு நடந்திருக்கிறேன். விடிய முன் போனால்தான் கலங்காத தண்ணீர். இடுப்பில் குடம், கையில் வாளி, வழி நீளச் சிந்தாமல் நடக்கிற அந்த நடை எங்கள் பெண்களுக்கு இன்றும் மாறவில்லை. ஒன்றும் தூக்காமல் போகும்போதும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

அந்தக் கிணற்றில் எங்கள் வீட்டார் நேரே அள்ளலாம். சற்றுத் தள்ளி, வாளிகளை நிலத்தில் வைத்துவிட்டுச் சிலர் நிற்பார்கள். யாராவது இரங்கி ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர். அது என்ன என்று நான் கேட்டதாக நினைவில்லை. பிள்ளைகள் காண்பதை உலகத்தின் இயல்பென்று எடுத்துக்கொள்கிறார்கள். மு. தளையசிங்கத்தைப் பற்றி ஐயா சொன்ன பிறகுதான் அந்த நின்ற வாளிகள் எனக்குக் கேள்வியாக மாறின. ‘மெய்யுள்’ என்ற நூலை எழுதிய அந்த மனிதர் இந்தத் தீவுக்காரர், ஆசிரியர். நன்னீர்க் கிணற்றில் எல்லாச் சாதியினரும் அள்ள வேண்டும் என்று 1971இல் அந்தத் தள்ளி நின்றவர்களோடு போய் நின்றார். பொலிஸார் பிடித்து அடித்தார்கள். பிறகு உடம்பு தேறவில்லை. 1973இல், நாற்பதைத் தொடாமல், இறந்தார். ஒரு வாளி தண்ணீர் அள்ளுகிற உரிமைக்காகத் தன்னைக் கொடுத்த மனிதர் நடந்த ஊர் இது.

இவ்வளவும் அந்தப் பேரனுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து தப்பிய பழைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தங்கச்சிக்கு ஒரு வயது நிரம்பியபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்ரூடியோக்காரரை அழைத்து முற்றத்தில் எடுத்தது. மற்றப் படங்களெல்லாம் சுவரோடு கறையானுக்குப் போய்விட்டன. இது அம்மாவின் சேலைப் பெட்டிக்குள் கிடந்து எங்களோடு அகதியாக அலைந்தது. கொழும்புக் கொமினிகேசன் கடைகளில் வெளிநாட்டு அழைப்புக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அம்மா அதைப் பையிலேயே வைத்திருந்தார். அப்போது யாழ்ப்பாணத்துக்குப் பென்ரோச் பற்றரிகூடத் தடை. கைத்தொலைபேசி அங்கே வந்ததே 2002 சமாதான காலத்தில்தான். ஒரு படம் என்றால் அவ்வளவு அரிது. அதனால் அதைத் திருத்தலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தப் படத்தின் வலது ஓரத்தில், சட்டத்துக்கு உள்ளும் வெளியுமாக, ஒரு பெண்ணின் பாதி முகமும் ஒரு கையும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து உதவிக்கு வந்தவர். படத்தில் நிற்க அவரை யாரும் கூப்பிடவில்லை. வேடிக்கை பார்க்க வந்து நின்றிருக்கிறார், கமரா அவரையும் எடுத்துவிட்டது. அம்மா கடைசிக் காலத்தில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அவருடைய பெயரைத்தான் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பெயர்வில் எங்கே போனாரோ தெரியாது. அவருக்கென்று வேறொரு படம் உலகத்தில் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைய போனில் எடுத்திருந்தால் முதல் வேலையாக அவரைத்தான் எடுத்துவிட்டிருப்போம். ஓரத்தில் நிற்கிறவர், படத்துக்கு வேண்டாதவர் என்று போனே வளையமிட்டுக் காட்டியிருக்கும்.

இவ்வளவையும் மனதில் கட்டிக்கொண்டு, பேரன் கனடாவுக்குத் திரும்பிய பின் ஒருநாள் பெரியம்மாவிடம் போனேன். என் போனில் படத்தைக் காட்டி, "பெரியம்மா, உங்கட வாளியைக் காணேல்லைப் பாத்தியளோ?" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லதுதானே மோனை. காலமெல்லாம் தூக்கினது காணாதே? படத்திலையும் தூக்கோணுமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தளையசிங்கத்தைச் சொல்லலாம், குந்தேராவைச் சொல்லலாம், எதைச் சொன்னாலும் சுமந்த தோள் அவருடையது. நான் ஒரு சின்னக் குடத்தோடு கொஞ்சக் காலம் பின்னால் நடந்தவன். எனக்கு வரலாறாகத் தெரிகிற வாளி அவருக்குத் தோள்நோவு. அதை இறக்கி வைக்க ஒரு பேரன் கிடைத்தான் என்றால் அதைத் தடுக்க நான் யார்? தன் முகத்தை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருக்கக்கூடும்.

அதே கையோடு அந்தப் பாதி முகத்தையும் நினைக்கிறேன். பெரியம்மா தன் வாளியைத் தானே வேண்டாம் என்றார். ஓரத்தில் நின்றவரை யாரும் கேட்கப் போவதில்லை. தன்னுடையதைத் தான் அழிப்பது ஒன்று, பிறரை அவர் அறியாமல் அழிப்பது வேறொன்று என்று பிரித்துவிட்டால் மனம் அமைதியாகும் போலிருக்கிறது. ஆனால் ஆகவில்லை. அந்த வாளி பெரியம்மாவுடையது மட்டும்தானா? அவருக்குப் பின்னால் வருகிற, தண்ணீர் சுமந்தறியாத பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லையா? 2024 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தைத் திறந்தார்கள். இப்படியே போனால் ஒரு நாள் இந்தப் பக்கத்தில் வாளி தூக்குகிற பெண்ணே இருக்கமாட்டார். இருக்கவும் கூடாது. அப்போது அந்தப் பிள்ளைகள் வாசற்படியில் இந்த ஈரத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? மழை என்று நினைப்பார்களா?

பேரனிடம் மூலப் படத்தைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் அனுப்பினான். ஐபோனில் திருத்திய படத்தை முந்தியபடி மீட்க முடியும். ஆனால் அது எடுத்தவருடைய போனிலும் அவருடைய சேமிப்பிலும் மட்டும்தான். வட்ஸ்அப்பில் எங்களுக்கெல்லாம் வந்த பிரதியில் எவ்வளவு தேடினாலும் பழையது இல்லை. புதுப் போன் பழசாகி, கணக்கு மாறி, கடவுச்சொல் மறந்துபோனால் அதோடு அதுவும் போய்விடும்.

பெரியம்மா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது திருத்திய படம். என்னிடம் இருப்பது மற்றது. எதை அவருடைய படம் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் கொடுப்பது என்று எனக்கு இப்போதும் தெரியாது. அவர் விருப்பத்தை மீறி என்னிடம் இருப்பதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா என்பதும் தெரியாது.

புதுப் போனோடு ஊருக்கு வருகிற பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நிறையப் படம் எடுங்கள். வேண்டாம் என்று படுவதை எடுத்தும் விடுங்கள். அதற்கு முன் எடுத்த படத்தை எடுத்தபடியே வீட்டில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பிவிட்டு, பிறகு திருத்துங்கள்.