வெறுங்கதிரையும் வினையும்

கிழக்கிலங்கையில் வெருகல் பக்கத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில் நான் அதிபராக இருந்த காலத்தில், ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பற்றிப் பெற்றோர் யாரும் என்னோடு சண்டை பிடித்ததில்லை. "என்ன சேர் செய்யிறது, எங்கட பிள்ளையளின்ட விதி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் சைவன், வினையை நம்புகிறவன். அந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விட்டபாடில்லை.

தரம் 1 முதல் 5 வரை ஐந்து வகுப்புகள். ஆளணியைப் பிள்ளைகளின் தொகையை வைத்தே கணக்கிடுவார்கள் என்பதால், சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கடதாசியிலேயே ஆள் குறைவு. கடதாசியில் இருப்பவரிலும் ஒருவர் 'இணைப்பில்' பட்டினத்துப் பாடசாலையில் இருப்பார். பெயர் எங்களிடம், ஆள் அங்கே. காவலாளியும் இல்லை, சிற்றூழியரும் இல்லை. கேற் திறப்பது, மணி அடிப்பது, மலசலகூடம் கழுவுவது, மதிய உணவு அரிசியை மணந்து யானை வந்துவிடாமல் பார்ப்பது எல்லாம் எங்கள் தலையில். நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அரச பாடசாலைகளில் ஒரு ஆசிரியருக்கு 17, 18 பிள்ளைகள் என்ற அளவுதான் வரும். அந்தக் கணக்கின்படி எங்கள் பள்ளிக்கூடம் செழிப்பானது. பிள்ளைகள்தானே குறைவு!

இந்தக் கணக்கைப் பார்த்தால் தட்சிணாமூர்த்திக்குச் சீடர் நால்வர்தான். கல்லால மரத்தடியில் மௌனமாக இருந்தே உபதேசித்தார் என்பார்கள், கேட்டிருந்தவர்களும் முனிவர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு மௌனத்தில் 'அ' வராது. மூன்று தரங்களை ஒரே மண்டபத்தில் ஒரு டீச்சர் வைத்திருந்தால் ஒன்றுக்குப் பாடம் நடக்கும், மற்ற இரண்டுக்கும் மௌன உபதேசம். பல்தர வகுப்புக் கற்பித்தல் என்று இதற்கென ஒரு முறையே உண்டு. பயிற்சியோடு திட்டம் போட்டுச் செய்தால் நன்றாகவும் நடக்கும். நாங்கள் செய்ததோ வெறும் சமாளிப்பு.

விதிக்கு வருகிறேன். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகச் சொல்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாக ஏறிக்கொள்ளும் ஆகாமியம். பிள்ளையின் வகுப்பில் ஆசிரியர் இல்லாதது அதன் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிராரத்தம் தானாக நடந்து வகுப்புக்குள் வருவதில்லை. இணைப்புக் கடிதத்தில் யாரோ ஒப்பமிட்டார்கள். யாரோ சிபாரிசுக்கு அரசியல்வாதியின் வீட்டு வாசலில் நின்றார்கள். வெற்றிடப் பட்டியலை யாரோ மேசையில் கிடக்க விட்டார்கள். அவரவருக்கு அது ஆகாமியம். பிள்ளையின் முற்பிறப்பை ஆராய எனக்குத் தகுதி இல்லை. ஒப்பத்தில் இருந்த திகதியை என்னால் வாசிக்க முடிந்தது. தன் துன்பத்தைத் தாங்க ஒரு தாய் விதி என்று சொன்னால் அது சமயம். அலுவலகக் கதிரையில் இருப்பவர் அதே சொல்லைச் சொல்லிக் கோப்பை மூடினால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். அப்படிச் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இளவயதில் கிண்ணியாவில் என்னோடு படிப்பித்த மௌலவி ஒருவர், இஸ்லாம் சொல்லும் விதியான கத்ரைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியை நினைவுபடுத்துவார். அவருடைய ஊர்ப்பக்கம்தான் குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியாததால் ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23 அன்று கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். கத்ரை நம்பும் அந்தச் சனமே தெருவில் இறங்கிக் கேட்டது: பாலம் எங்கே, இதை ஓடவிட்டது யார்? நம்பிக்கை அவர்கள் வாயைக் கட்டவில்லை. ஐந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தறியாமல் போகும் பிள்ளைக்காக அப்படி யாரும் தெருவுக்கு வருவதில்லை. அதில் ஒரு நாள் இல்லை, ஒரு சம்பவம் இல்லை.

ஆனால் ஆசிரியரைத் திட்டுவதும் எனக்கு ஒத்துவராது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் பிறகு மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் வந்த பின், ஊரில் தங்கிப் படிப்பிக்கும் வழக்கம் குறைந்து வான் பிடித்து வந்துபோகும் வழக்கம் வந்தது. 2022 இல் எண்ணெய் இல்லாமல் போனபோது அந்த வானும் நின்றது. பட்டினத்திலிருந்து வந்த இளம் டீச்சர் ஒருவர், கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்ற விண்ணப்பத்தோடு வந்தார். வீட்டில் கைக்குழந்தை. நான் ஆகாமியம், பிராரத்தம் என்று தொடங்க, "என்ட பிள்ளைக்கும் ஒரு வினை இருக்குமே சேர், அதை இப்ப நான்தானே செய்யிறன்" என்றார்.

சாத்திரத்தில் இதற்கு நேரான விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயம். தரம் 2 இல் இருந்த பிள்ளைகளின் பக்கமும் நியாயம். அவரைப் போக விட்டால் வகுப்பு வெறுமையாகும் என்ற நிலையை உண்டாக்கியவர் எவரும் அந்த அறையில் இல்லை. பாவம் ஏறியிருந்தால் அந்த டீச்சரின் பங்குதான் ஆகக் குறைவு என்று இன்றும் நினைக்கிறேன். 'பதிலீடு வந்தபின் விடுவிக்கவும்' என்று எழுதி ஒப்பமிட்டேன். மேலிடத்தில் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். அடுத்த தவணை தரம் 2 ஐ நான் எடுத்தேன், அதிபர் வேலையை இரவில் செய்தேன்.