ஒற்றைக்கண் குதிரையும் பாண்டிச்சேரி வண்டியும்

பழைய கார் கைமாறும்போது அதன் வரிப் பாக்கியும் சேர்ந்து வாங்குபவர் தலையில் விழலாம். அதை விற்பவர் தாமாகச் சொல்ல வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா? அறநூலார் நெடுங்காலமாக வழக்காடிய கேள்வி இது.

கி.மு. 44இல் சிசெரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வணிகர் வருகிறார். பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு வருபவர் அவர். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும் என்பது தத்துவ ஆசான் டயோஜனிஸின் கட்சி. வாங்குபவர் அறிய வேண்டிய எதையும் மறைக்கலாகாது என்றார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசெரோ மாணவர் பக்கம் நின்றார்.

இஸ்லாமிய மரபில் இதே கேள்வி சந்தையிலேயே எழுகிறது. நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை எல்லாரும் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார் நபிகள்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஒரு கோடு கிழித்தார். ஆபத்தோ நட்டமோ தரும் மறைவான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். குதிரைக்கு ஒரு கண் இல்லாததுபோல் பார்த்ததுமே தெரியும் குறை என்றால், அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும்.

வரிப் பாக்கி இதில் எந்த வகை? அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுத் தேடலாம், ஆகவே அது ஒற்றைக்கண் குதிரைதான் என்று வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. தமிழ்நாட்டில் காருக்குக் கட்டிய ஆயுட்கால வரி வண்டியோடு போகும். பெயர் மாற்றினால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. பாண்டிச்சேரி வண்டியின் கதை வேறு. பலகையில் 'பிஒய்' என்பது எவர் கண்ணுக்கும் தெரியும். அதைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தடையில்லாச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்டி, இங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது பலகையில் தெரியாது. அந்தச் செலவு குவியலுக்குள் இருக்கும் ஈரம். விற்பவர் அதை மேலே எடுத்து வைப்பதே நேர்மை.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. பாக்கியைக் கண்டுபிடித்து, அதைக் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டு, பிறகு வரியைக் கட்டாமல் ஓட்டுபவர் செய்வதும் அதே தவறுதான். ஏமாறுவது மட்டும் இப்போது பொதுமக்கள்.

அறம் ஒருபுறம் இருக்க, சட்டமும் இருவருக்கும் கடமை வைக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் கைமாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்குத்தான். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.