பரண்மேல் ஏறும் நட்சத்திரம்



டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டலாமா கூடாதா என்று நம்முடைய சபைகளில் அநேக வருஷமாய் வாக்குவாதம் நடக்கிறது. கட்டுகிறவர் கட்டாதவரைப் பார்த்து, “இவருக்குச் சந்தோஷமே கிடையாது” என்கிறார். கட்டாதவர் கட்டுகிறவரைப் பார்த்து, “உலகத்தானாய்ப் போயிட்டான்” என்கிறார். இது புதுச் சண்டை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681-ல் அதை எடுத்துவிட்டார்கள். இந்த வாக்குவாதத்தை ரோமர் 14-ம் அதிகாரத்தின் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு, யாரும் கேட்காத வேறொரு கேள்விக்கு வருகிறேன். ஜனவரியில் கழற்றின நட்சத்திரத்தை ஏன் எடுத்து வைக்கிறோம்? எடுத்து வைப்பது சரியா?

பத்து நாள் உபயோகத்துக்கு வருஷம் முழுவதும் பரணில் இடம். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும் அந்த இடத்தின் அருமை. பூமியிலே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னாரே, பூச்சியும் துருவும் பரண்மேலேதானே இருக்கிறது என்று ஒரு வாலிபத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வேதத்தில் ‘எடுத்து வைப்பது’ ஒரே மாதிரி வரவில்லை.

யாத்திராகமம் 16-ஐ நிதானமாய் வாசித்துப் பாருங்கள். ஒரே மன்னா, மூன்று விதமாய் வைக்கப்படுகிறது. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சொல்லை மீறி மீதம் வைத்தவனுடைய மன்னா பூச்சி பிடித்து நாறிப்போயிற்று. ஓய்வுநாளுக்காக வைத்தது நாறவில்லை. ஆரோன் ஒரு ஓமர் அளவு எடுத்து, தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகள் பார்க்கும்படி வைத்தான். வைத்த பொருளில் வித்தியாசம் இல்லை. எதற்காக வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியம். ஆனால் வெண்கலச் சர்ப்பம் இருக்கிறதே! அது கர்த்தர் சொல்லி மோசே செய்தது. பார்த்தவர்கள் பிழைத்தார்கள். ஞாபகமாய் வைத்திருந்திருப்பார்கள், அதிலே தப்பு என்ன? ஆனால் எசேக்கியாவின் நாட்களில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜா அதை உடைத்துப்போட்டான், நிகுஸ்தான் என்று பேர் வைத்தான். எந்த வருஷத்தில் அது ஞாபகச்சின்னமாய் இருப்பதை விட்டு விக்கிரகமாய் மாறியது? வேதத்தில் வருஷம் எழுதப்படவில்லை. அங்கே இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம்முடைய சபையில் ஒரு சகோதரி. மகன் பத்தாவது படிக்கும்போது மூங்கில் குச்சியைச் சீவி, நூல் சுற்றி, கலர் பேப்பர் ஒட்டி ஒரு நட்சத்திரம் செய்தான். பிறகு விபத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். “செத்த பிள்ளை சாமானை வீட்ல வைக்காதே, தூக்கிப் போடு” என்று சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். “அது விக்கிரகம், எரிச்சிடுங்க” என்று ஒரு விசுவாசி மறு பக்கம். அந்த அம்மா என்னிடம் வந்து, “வச்சிருக்கிறது பாவமா பாஸ்டர்?” என்றார்கள்.

முதல் பேச்சு வெறும் மூடநம்பிக்கை, அதை விட்டுவிடலாம். இரண்டாவதுதான் எனக்கு வருத்தம். எபேசுவில் எரிக்கப்பட்டது மாயவித்தைப் புஸ்தகங்கள். ஒரு பிள்ளை ஒட்டின கலர் பேப்பர் அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் சர்ப்பத்தை நினைத்து ஒன்று கேட்டேன்: “அதை வச்சுக்கிட்டு என்னம்மா செய்வீங்க?” “வருஷத்துக்கு ஒருதடவை இறக்குவேன், தூசி தட்டுவேன், கிழிஞ்ச இடத்துல புதுப் பேப்பர் ஒட்டுவேன். லைட் போட்டா தெருப் பிள்ளைங்க எல்லாம் வந்து நிக்கும். அழுகையும் வரும், ஜெபமும் வரும்” என்றார்கள். “எலி கடிச்சு ஒண்ணுமில்லாம போச்சுன்னா?” என்றேன். கடினமான கேள்விதான், கேட்காமல் எப்படி? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போகட்டும் பாஸ்டர். என் புள்ளை அதுக்குள்ள இல்லையே” என்றார்கள். வையுங்கள் அம்மா என்று சொல்லி ஜெபித்து அனுப்பினேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெட்டியின்மேல் ‘அடுத்த கிறிஸ்துமஸ்’ என்று எழுதுகிறோமே, அடுத்த கிறிஸ்துமஸ் நம் கையிலா இருக்கிறது? யாக்கோபு 4-ம் அதிகாரம் அதைத்தான் கேட்கிறது. எழுதக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். விதைநெல்லை எடுத்து வைக்கிறவனும் மழையைத் தன் கையில் வைத்திருக்கவில்லை.

எடுத்து வைப்பது என்றால் ஒழுங்காய் வைக்கவேண்டும். ஆசரிப்புக்கூடாரத்தைக் கழற்றிக் கட்டுவதற்கு எண்ணாகமம் 4-ல் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. எதன்மேல் நீலத்துப்பட்டி, எதன்மேல் தகசுத்தோல், யார் சுமக்கவேண்டும் எல்லாம் உண்டு. மெராரி புத்திரர் முளைகளையும் கயிறுகளையும்கூடப் பேர்பேராய்க் கணக்கு வைக்கவேண்டும். முளைக்கு அவ்வளவு மதிப்பு கொடுத்த தேவன் நம் வீட்டு சீரியல் லைட் சிக்கலை அசட்டையாய் நினைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கணவனும் மனைவியும் டிசம்பர் 23 ராத்திரி அந்தச் சிக்கலை எடுக்கும்போது பேசுகிற வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன்! ஒரு அட்டையில் சுற்றி வைத்தால் அந்தப் பாவம் மிச்சம். வடகிழக்கு மழையில் நனைந்த பேப்பர் நட்சத்திரத்தை ஜனவரி வெயிலில் நன்றாய் உலர்த்தின பிறகு மடியுங்கள். குடிலுக்குச் செய்த தெர்மோகோலோடு அந்துருண்டையைச் சேர்த்துப் போடாதீர்கள், தெர்மோகோல் குழைந்துவிடும். காய்ந்த வேப்பிலை போதும்.

பெட்டிகளை இறக்கும்போது நாலு வருஷமாய்த் திறக்காத பெட்டி ஒன்று இருக்கும். பழசைத் தேடச் சோம்பல்பட்டு வருஷாவருஷம் புதுசு வாங்கினதின் கணக்கு அது. மன்னா நாறுகிறது அங்கேதான். கிராம சபைகளில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாத ஓய்வுநாள் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பெட்டியை அங்குள்ள ஊழியக்காரரிடம் கொடுங்கள். நவம்பரிலேயே கொடுங்கள். 24-ம் தேதி ராத்திரி கொண்டுபோய் நீட்டினால் அவர் எப்போது கட்டுவார்?