விற்கவொண்ணா உரிமை

"எவராலும் பறிக்க முடியாத உரிமை" என்று மேடைதோறும் முழங்குகிறோம். கேட்கச் செவி இனிக்கிறது. ஆனால் ஆங்கிலேயன் 'இனேலியனபிள்' என்றும், ஸ்பானியன் 'இனாலியெனாப்ளே' என்றும் சொல்லும் சொல்லுக்கு அவ்வளவுதானா பொருள்? 1948 டிசம்பர் 10-இல் ஐ.நா. பேரவை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரையில், இரு மொழியிலும் அச்சொல்தான் நிற்கிறது.

இரண்டுக்கும் தாய், 'பிறனுக்குரிய' எனப் பொருள்படும் இலத்தீனச் சொல். அவ்வழி வந்த 'எனஹெனார்' என்னும் ஸ்பானிய வினைக்குச் சொத்தைப் பிறனுக்கு உரிமையாக்குதல் என்பது ஒரு பொருள். சித்தம் கலங்கச் செய்தல் என்பது மற்றொரு பொருள்! தன்னைப் பிறனுக்கு ஆக்குபவன் பித்தனே என்று அம்மொழி எண்ணிற்றுப் போலும். நம் கிரயப் பத்திரங்களில் 'பராதீனம்' என்கிறார்களே, வடமொழிச் சரக்காயினும், அதுவும் பிறன் வசமாக்குதலே.

ஆகவே அச்சொல், பறிக்க வருபவனை மட்டுமன்று, உரிமை உடையவனையும் நோக்கிப் பேசுகிறது. பிறன் பறிக்கலாகாது, நீயே விரும்பினும் விற்கலாகாது!

"அவனே ஒப்பித்தானே கைநாட்டு வைத்தான்?" ஆண்டான்களின் பழைய வாதம் இது. காவிரிக்கரையில், நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் வாருங்கள், தோழர்களே! மகள் திருமணத்துக்கு முன்பணம் வாங்கிய விசைத்தறித் தொழிலாளி, அது தீருமட்டும் வேறு பட்டறைக்குப் போக முடியாமல் அதே தறியில் கட்டுண்ட கதைகள் அங்கே எத்தனை! ஒப்பினான், உண்மை. வேறு வழி இருந்து ஒப்பினானா? 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த ஒப்புதலையே செல்லாதென்றது.

முன்பணத்தோடு நின்றதா? அதே பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற கொடுமை, 2025-இல் அரசு விசாரணைக்கு வந்தது. உறுப்பை விலைக்கு விற்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருந்தது.

"என் உடல், என் உரிமை, பசித்தவனிடம் எஞ்சிய ஒரே உடைமையை விற்கவும் தடையா?" என்று சிலர் கேட்பர். எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. விற்காதே என்பவன், விற்கத் துரத்தியது எதுவென்றும் பார்க்க வேண்டாவா? 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்தது. அடிமைக் கட்டோடு, அதற்குக் காரணமான கடனையும் அழித்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டமோ விற்பனையைத் தடுத்தது. வட்டிக்கடைக்காரனின் பேரேட்டைத் தொடவில்லை.