இன்னும் எவ்வளவு தூரம், சாமி?

கரிமலை இறக்கத்தில் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். "இந்தா வந்துருச்சு சாமி, கொஞ்ச தூரம்தான்." தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் எதில் கேட்டாலும் பதில் அதுதான். சொல்கிறவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. கேட்கிறவரும் முழுதாக நம்புவதில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

கார்த்திகை பிறந்ததும் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஜாலஹள்ளி என்று பெங்களூரின் தெருக்களில் கறுப்பு வேட்டிகள் தென்படும். இங்கிருந்து சபரிமலைக்குக் கிளம்பும் வேன்களில் பெரும்பாலானவை நேரே நிலக்கல் போய்விடும். அங்கிருந்து பஸ், பிறகு பம்பை. சிலர்தான் எருமேலியில் பேட்டை துள்ளிவிட்டுப் பெரிய பாதையில் இறங்குகிறார்கள். பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி, கல்லிடும் குன்று, முக்குழி, கரிமலை என்று காட்டுக்குள் போகும் வழி. அதன் நீளத்தை 45 கிலோமீட்டர் என்பார்கள், 51 என்பார்கள், 61 என்று சொல்பவர்களும் உண்டு. அளவே ஆளுக்கொன்றாக இருக்கும் பாதையில் "இன்னும் எவ்வளவு" என்று கேட்பதில் என்ன பொருள் என்று முதல் நாள் நன்றாக யோசிக்க வரும். கரிமலை நாளில் வராது.

அந்த மலை மடிப்பு மடிப்பாக ஏறும். உச்சி என்று நினைத்து ஏறினால் அதற்கு மேல் இன்னொன்று நிற்கும். ஆனால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைத் தீர்க்கிறது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையையும் தாங்க வேண்டியிருக்கிறது. தசையிழைகள் நுண்ணிய அளவில் கிழிவது இந்த வேலையில்தான். தலையில் இருமுடி, வெறுங்கால், மரவேர்கள். கீழே பெரியானை வட்டம் வந்ததும் முடிந்துவிட்டது என்று மனம் கையெழுத்துப் போட்டுவிடும். பிறகு சிறியானை வட்டம், பிறகு பம்பை. பம்பையில் முங்கி எழுந்து நிமிர்ந்தால் எதிரே நீலிமலை. முதல் தடவை வரும் கன்னிச்சாமிகளின் முகம் அந்த நேரத்தில் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அதுவரை சொல்லப்பட்ட அத்தனை "கொஞ்ச தூர"த்துக்கும் சேர்த்து அங்கே வட்டி கட்டுவார்கள்.

களைப்பு காலில் மட்டும் இருப்பதில்லை. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு முறை இருபது நிமிடம் என்று சொல்லியே ஓடவிட்டார்கள். இன்னொரு முறை பத்து நிமிடம்தான் என்று சொல்லி, பத்தாவது நிமிடத்தில் இன்னும் பத்து என்றார்கள். வேகம் மாறவில்லை, ஆனால் அந்த அறிவிப்பு வந்த உடனேயே, ஓடுவது கடினமாகிவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். எவ்வளவு நேரம் என்றே சொல்லாமல் ஓடவிட்டபோது உடல் ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழித்தது. முடிவு தெரியாதவன் கையைக் கட்டிச் செலவு செய்கிறான். பொய் முடிவைக் கேட்டவன் இருப்பதை அங்கேயே கொட்டிவிட்டு, மிச்சத் தூரத்துக்கு வெறுங்கையோடு நிற்கிறான்.

ஆகவே "கொஞ்ச தூரம்தான்" என்பது இரக்கம்போலத் தெரிந்தாலும் இரக்கம் அல்ல என்பதே என் கட்சி. பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2017-ல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலத்துக்கு எத்தனை முடிவுத் தேதிகள் கேட்டிருக்கிறோம்! பாலமாவது பரவாயில்லை. வீட்டில் ஒருவர் நீண்ட நாள் படுத்திருக்கும்போது, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இன்னும் ரெண்டு வாரத்துல எழுந்து நடப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு வாரமும் கழிந்த மறுநாள் காலை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் எழுந்திருக்கும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதற்காக முழு உண்மையையும் தலையில் இறக்கிவிட வேண்டியதில்லை. எங்கள் குருசாமி, எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தூரம் கேட்டால் வாயே திறக்கமாட்டார். "அந்த வளைவு தாண்டினா ஒரு கடை இருக்கு, எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டு உக்காரலாம் சாமி" என்பார். கடை இருக்கும். கடிகாரத்தில் கிலோமீட்டர் பார்த்துக்கொண்டே வந்த ஐ.டி. பையன்கள்கூட மத்தியானத்துக்குமேல் கடிகாரத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தார்கள்.

யோசித்தால் பாதையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அழுதா நதியில் ஒரு கல் எடு, கல்லிடும் குன்றில் போடு. அப்பாச்சிமேட்டில் மாவுருண்டை எறி. சரங்குத்தியில் சரம் குத்து. சன்னிதானம் கண்ணில் படுகிறவரை கைக்கு ஒரு சின்ன வேலை இருந்துகொண்டே இருக்கிறது. பக்திக்காக வந்த சடங்குகள்தான். ஆனால் ஓய்ந்த கால்களை அறிந்தவர்கள் வகுத்தவை என்றே எனக்குப் படுகிறது.

குருசாமியின் பதிலைப் போன்ற ஒன்று வேறொரு நீண்ட பாதையிலும் உண்டு. அமெரிக்காவில் அப்பலாச்சியன் நடைபாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். தெற்கிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு அது மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. அதற்குச் சற்று முன்னால் 'நூறு மைல் வனம்' தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பத்து நாளைக்கான பொருள்கள் இல்லாமல் இந்தப் பகுதிக்குள் போகாதீர்கள் என்கிறது அது. மாதக்கணக்கில் நடந்து களைத்து வருகிறவனைப் பார்த்து, கிட்டத்தட்ட வந்துவிட்டாய் என்று அந்தப் பலகை தட்டிக்கொடுப்பதில்லை. பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. நல்ல பலகை.

இந்த வருஷம் பெரிய பாதையில் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னால் வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டால், அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தக் கல் வழுக்கும் என்று சொல்லுங்கள். கொஞ்ச தூரம்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு இன்னும் நீலிமலை பாக்கி இருக்கிறது.